எடைக்குப் போடும் முன் லேபிளைப் படியுங்கள்

இங்கே கேள்வி போட்டிருப்பவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பேராசிரியர். துறையில் மூன்று அலமாரி நிறையக் காய்ந்த செடித் தாள்கள், ஃபார்மலின் பாட்டில்கள், பஞ்சு அடைத்த சில பறவைகள். அந்த அறை இப்போது கணினி ஆய்வகத்துக்கு வேண்டுமாம். "நல்ல கேமராவில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறப்படுத்திவிட்டால் என்ன? செத்த செடியை வைத்து இந்தக் காலத்தில் யார் ஆராய்ச்சி செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் இடப் பிரச்சினை மாதிரித் தெரிகிறது. உள்ளே இருக்கும் கேள்வி வேறு. எதற்குப் பயன்படும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாத பொருளை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அது. கேலியாகக் கேட்கவில்லை என்று நம்பி, நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் தாவரவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கல்லூரி ஹெர்பேரியத்துக்கு, அதாவது காய்ந்த செடித் தாள்களின் தொகுப்புக்கு, அந்துருண்டை போட்டு, தூசி தட்டி, ராமபாணப் பூச்சியோடு சண்டை போட்டவன். செடிகளைப் பற்றி எழுதுவது கைப்பழக்கத்தில் வருவது. பறவை, தவளை, பாம்பு பற்றி எழுதுவது படித்தும் சக ஆசிரியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பறவை முட்டை சேர்ப்பது ஒரு பைத்தியம். சின்னப் பையன் முதல் பெரிய பிரபு வரை கூட்டைக் கலைத்து முட்டையை எடுத்து, ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, பெட்டியில் அடுக்கினார்கள். அறிவியல் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1950களில் பைரி வல்லூறுகள் மளமளவென்று குறைந்தபோது, கூட்டில் முட்டைகள் உடைந்து கிடப்பது ஏன் என்று டெரக் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தேடினார். அந்தப் பழைய பெட்டிகளில் இருந்த முட்டைகளின் எடையையும் அளவையும் எடுத்துப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940களின் கடைசி வரை ஒரே கனமாக இருந்த ஓடு, அதன் பிறகு சட்டென்று மெலிந்திருந்தது. டி.டி.டி. என்ற பூச்சி மருந்து வயலுக்கு வந்த காலமும் அதுதான். அவர் அதை 1967-இல் வெளியிட்டார். அடுத்த வருடமே அமெரிக்க முட்டைகளிலும் அதே கதை என்று தெரிந்தது. முட்டையைச் சேர்த்தவர்களில் ஒருவருக்காவது பூச்சி மருந்து என்ற நினைப்பு இருந்திருக்குமா? முட்டை ஓட்டில் எழுதிய தேதியும் ஊரும்தான் வேலை செய்தன.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருகிறேன். அந்த முட்டைகளை 1900-இல் அழகாகப் படம் எடுத்துவிட்டு உடைத்துப் போட்டிருந்தால், ராட்கிளிஃபுக்கு அழகான படங்கள் மட்டும் கிடைத்திருக்கும். ஓட்டின் கனத்தை எப்படி அளப்பது? எடுப்பவருக்கு எது முக்கியமாகத் தெரிகிறதோ அதுதான் படத்தில் பதிவாகிறது. பொருளில் அவருக்குத் தெரியாததும் சேர்ந்தே இருக்கிறது. ஹெர்பேரியத் தாளிலும் அப்படித்தான். இலையின் அடிப்பக்கத்து முடி, மகரந்தம், காற்று போய்வரும் இலைத்துளைகளின் எண்ணிக்கை, திசுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ., ஒட்டிக்கொண்டு வந்த பூஞ்சை எதுவும் படத்தில் வராது. 1987-இல் வுட்வர்ட் என்பவர் பழைய தாள்களில் இருந்த இலைகளின் துளைகளை எண்ணிப் பார்த்தார். இருநூறு வருடத்தில் அவை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. காற்றில் கரியமில வாயு கூடக்கூட, இலைக்கு அத்தனை வாசல் தேவைப்படவில்லை. அவர் பார்த்தது குளிர்நாட்டு மரங்களை. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து நம்ம ஊர் மருதமரத்துக்குப் பொருத்தக் கூடாது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த கிருமி எந்த வகை என்பதையும், அந்தக் காலத்தில் உலர்த்தி வைத்த நோயுற்ற இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து 2013-இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த இலையை ஒட்டி வைத்தவர் டி.என்.ஏ. என்ற சொல்லையே கேட்டவரில்லை.

வெளிநாட்டுக் கதை போதும். நம்ம பக்கம் வருகிறேன்.

1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் பட்டாளத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சிகிச்சை பார்த்த நேரம் போகக் குற்றாலத்தில் செடி பறித்தார். அவர் உலர்த்திய தாள்கள் எடின்பரோவிலும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலும் இருக்கின்றன. அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ருங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். ருங்கையாவின் பெயரில் 'ருங்கியா' என்று ஒரு செடிப் பேரினமே இருக்கிறது. வைட்டுக்கு அப்புறம் வந்த பெட்டோம் என்ற வன அதிகாரி மரம், பெரணி, பாம்பு, நத்தை என்று எதையும் விடவில்லை. அவர் பெயர் வைத்த ஒரு நாவல் வகை மரம் 'யூஜீனியா சிங்கம்பட்டியானா'. சிங்கம்பட்டி ஜமீன் மலையின் பெயர் அப்படியே லத்தீனில் ஏறிவிட்டது. அகத்திய மலைப் பகுதியை விட்டு வேறெங்கும் இல்லாத மரம் அது. இன்றைக்கு அழியும் விளிம்பில் இருக்கிறது. அந்த ஜமீன் மலையை 1929-இல் குத்தகைக்கு விட்டுத் தேயிலை வந்தது. தேயிலைக்கு முன்னால் அந்தச் சரிவுகளில் என்ன நின்றது என்று யாராவது கேட்டால், நாம் கையைக் காட்டக்கூடிய சாட்சிகள் இந்த மாதிரித் தாள்கள்தான்.

ஆனால் சாட்சி சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும். இங்கேதான் லேபிள் வருகிறது. பழைய லேபிள்களில் 'டின்னவெல்லி' என்று, திருநெல்வேலிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருப்பார்கள். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு ஒன்றை 1875-இல் பிரிட்டிஷ் மியூசியத்து விலங்கியலாளர் குந்தர் விவரித்தார். ஆங்கிலத்தில் அதன் பொதுப்பெயரிலேயே திருநெல்வேலி இருக்கிறது. எந்தத் திருநெல்வேலி? அந்தக் காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவில் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் சேர்ந்திருந்தன. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அவை போயின. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி. செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஆக 1870களின் 'டின்னவெல்லி மலை' இன்றைய விருதுநகர் மாவட்டத்து மலையாகவும் இருக்கலாம். 'திருவிதாங்கூர்' என்று எழுதியது இன்றைய தென்காசி மாவட்டத்துக் காடாகவும் இருக்கலாம். கூகுள் மேப்பில் திருநெல்வேலி என்று தட்டி, ஜங்ஷன் மேல் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, "இந்தப் பாம்பு சமவெளிக்கு இறங்கியிருக்கிறது" என்று எழுதும் ஆய்வுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இதோடு சேர்த்துச் சொல்ல ஒரு தவளை இருக்கிறது. 1876-இல் அதே குந்தர் 'திருவிதாங்கூர்' என்ற இட விவரத்தோடு ஒரு சின்ன மரத்தவளையை விவரித்தார். அப்புறம் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. 2011-இல்தான் மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். 2015-இல் இன்னொரு செய்தி வந்தது. இந்தத் தவளை நம்ம களக்காடு முண்டந்துறைக் காட்டில், மெல்லிய காட்டு மூங்கிலின் கணுவுக்கு நடுவே இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், அங்கேயே முட்டையிட்டு, ஆண் தவளை காவலும் இருக்கிறது. மூங்கிலுக்குள் குடித்தனம்! இதில் மியூசியத்துக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். மூங்கிலுக்குள் இருக்கும் தவளையைக் கண்டுபிடித்தது காட்டில் இரவெல்லாம் நடந்தவர்கள்தான், மியூசியத்துக் கண்ணாடிப் பாட்டில் இல்லை. ஆனால் "குந்தர் சொன்ன தவளை இதுதான்" என்று சொல்வதற்கு, அவர் பெயர் வைத்தபோது கையில் வைத்திருந்த அதே தவளை ஒரு பாட்டிலில் இருக்க வேண்டும். அதை டைப் என்போம், தமிழில் வகை மாதிரி. ஒரு பெயர் எந்த உயிருக்குச் சொந்தம் என்ற வழக்கில் அதுதான் மூலப் பத்திரம். நிலத்துக்கு மூலப் பத்திரம் இல்லாமல் பட்டா மாற்றப் போனால் என்ன பாடு படுவோமோ அதே பாடுதான் இங்கேயும்.

சரி, சந்தேகமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். மியூசியத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. முதல் சந்தேகம் பெயர். வெப்பமண்டலச் செடித் தாள்களில் பாதிக்கு மேல் தவறான பெயரில் இருக்கக்கூடும் என்று 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. என் அனுபவத்தில் அது மிகை இல்லை. நானே ஐந்து வருடம் ஒரு கோரைப் புல்லுக்குத் தப்பான பெயரை எழுதி வைத்திருந்தேன். பிறகு கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியத்துத் தாளோடு வைத்துப் பார்த்துத் திருத்தினேன். தாள் இருந்ததால் திருத்த முடிந்தது. வெறும் பட்டியலாக மட்டும் பதிந்து வைத்திருந்தால் அந்தத் தப்பு இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பெயரை நம்பாதீர்கள், செடியைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

இரண்டாவது, லேபிளே பொய் சொல்லலாம். மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பிறர் சேர்த்த பறவைத் தோல்களை மியூசியத்திலிருந்தே திருடி, தான் பிடித்ததாகப் புது லேபிள் ஒட்டி வைத்தார். அதில் ஒன்று நம் நாட்டுக் காட்டு ஆந்தை. 1914-இல் தான் பிடித்ததாகச் சொன்ன இடத்தை நம்பிப் பலர் அங்கே தேடி ஏமாந்தார்கள். அந்தத் தோலைத் தைத்திருந்த விதம் இன்னொருவருடையது என்று பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் கண்டுபிடித்தார். பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய லேபிள்கள் காட்டிய பக்கம் போனார். 1997-இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. கடைசியாக நம்பத்தகுந்த மாதிரி கிடைத்தது 1884-இல். பொய்யைக் கண்டுபிடிக்கவும் பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதை இதில் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சேர்த்தவர் போன இடத்தில்தான் செடி சேர்ந்திருக்கும். சீசனுக்குத் துரைகள் குற்றாலம் போனார்கள், குற்றாலத்துச் செடி குவிந்தது. மலையில் பங்களாவுக்குப் பக்கத்தில் பறித்தார்கள். நான் பார்த்த தொகுப்புகளில் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செடிகள் குறைவு. வெயிலில் செம்மணலில் நடக்க யாருக்கு மனம் வரும்? அதனால் "பழைய தாள் இல்லை, ஆகவே அந்தச் செடி அங்கே அன்று இல்லை" என்று சொல்லக் கூடாது. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்வார்கள். உங்கள் ஊர்க் குளத்துக்குள் அது எப்போது நுழைந்தது என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கும். 1958 என்று தேதி போட்ட ஒரு தாள் கிடைத்தால், 1958-இல் அது இருந்தது என்பது உறுதி. 1957-இல் இல்லை என்பது உறுதியே இல்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம் புரிந்தவர் மட்டும் தொகுப்பை வைத்து வரலாறு எழுதட்டும்.

தேதி என்றதும் ஒரு விஷயம். செடியைப் பழைய தினசரித் தாளுக்குள் வைத்துத்தான் அமுக்குவோம். ஒருமுறை லேபிளைப் பூச்சி தின்றுவிட்ட ஒரு கட்டு எங்களுக்குக் கிடைத்தது. செடிகள் இன்னும் அந்த நாளிதழ்களுக்குள்ளேயே கிடந்தன. நாளிதழில் தேதி இருந்தது. செடி அந்தத் தேதிக்கு முன்னால் அமுக்கப்பட்டதல்ல என்று தெரிந்தது, அவ்வளவே. பழைய பேப்பரைப் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பயன்படுத்தலாம் இல்லையா? ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். அந்தக் கட்டில் வேய்ந்தான்குளத்துக் கொட்டியும் ஒரு நீர்ப்பாசியும் இருந்தன. குளத்தின் பெயர் மட்டும் நாளிதழ் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. இப்போது அந்தக் குளத்தின் ஒரு பகுதி புது பஸ் ஸ்டாண்டு.

இன்னொரு கட்டு போன கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க அறையைக் காலி செய்தார்கள். அட்டெண்டர் நல்ல மனிதர். "சார், இந்தக் குப்பையெல்லாம் எடைக்குப் போட்டுருவோமா?" என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். அந்த யாரோ தலையை ஆட்டியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது இரண்டு பெட்டி இல்லை. அதில் என்ன இருந்தது என்ற பட்டியல்கூட எங்களிடம் இல்லை. அதுதான் உண்மையான குற்றம், அது என்னுடையது. டெல்லி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்தது, பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பரில் எரிந்தது. அவற்றைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கல்லூரி அலமாரிகள் எடைக்குப் போவதை யாரும் எழுதுவதில்லை.

உயிரைக் கொன்று சேர்ப்பது சரியா என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஐஸ்லாந்துப் பக்கத்தில், பறக்க முடியாத பெரிய ஆக் பறவையின் கடைசி ஜோடியை 1844-இல் கொன்றதே சேகரிப்பாளருக்கு விற்கத்தான். அகத்திய மலையில் மட்டும் வளரும் ஒரு செருப்பு ஆர்க்கிட், இருக்கும் இடம் தெரிந்ததும் வியாபாரிகள் பிடுங்கிப் பிடுங்கியே அரிதாகிவிட்டது. அதனால் அரிய செடியின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடக்கூடாது என்பது என் கட்சி. இன்றைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் ஒரு இலை பறிப்பதும் தப்பு. அனுமதியோடு, தேவைக்கு மட்டும், ஒரு கிளை போதுமென்றால் ஒரு கிளை. ஆனால் ஏற்கனவே செத்துப் பாட்டிலில் இருப்பதைத் தூக்கி எறிவதால் எந்த உயிரும் திரும்ப வரப்போவதில்லை. பழைய லேபிளில் துரையின் பெயர் இருக்கிறது. வழிகாட்டிப் போன காணிக்காரர், அந்த மலைப் பழங்குடி மனிதர், பெயர் இல்லை. அந்தக் கணக்கும் நேராக்கப்பட வேண்டியதுதான். இனி எழுதும் லேபிளிலாவது கூட வந்தவர் பெயரையும், அவர் அந்தச் செடிக்குச் சொன்ன பெயரையும் எழுதுங்கள்.

இனி உங்கள் அலமாரி. எல்லாமே பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். விற்பனைக் கம்பெனியில் வாங்கிய நாடாப்புழு, நட்சத்திர மீன் பாட்டில்கள் பாடம் நடத்தத்தான். இடமும் தேதியும் இல்லாத அவை போனால் ஆராய்ச்சிக்கு நஷ்டம் இல்லை. மாணவர்கள் மதிப்பெண்ணுக்கு ஒட்டிக்கொடுத்த செம்பருத்தித் தாள்களில் பெரும்பாலானவையும் அப்படியே. ஆனால் இடம், தேதி, பறித்தவர் மூன்றில் குறைந்தது இடமும் தேதியும் இருக்கிற எதையும் கழிக்காதீர்கள். புதிய சிற்றினமாக அறிவிக்கப்படும் செடிகளில் கால்வாசிக்கு நெருக்கமானவை ஐம்பது வருடத்துக்கு மேல் அலமாரியில் தூங்கியவை என்று 2010-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் அலமாரியில் அப்படி ஒன்று இருக்கும் என்று ஆசை காட்டவில்லை. இல்லை என்று பார்க்காமல் சொல்லவும் முடியாது.

தொடும் முன் கையுறை போடுங்கள். அந்தக் காலத்தில் தாள்களைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரசக் குளோரைடு பூசுவார்கள். பஞ்சு அடைத்த பறவையில் ஆர்செனிக் இருக்கலாம். தட்டி உதறாதீர்கள், மாணவர்களை வெறுங்கையோடு விடாதீர்கள். ஃபார்மலினைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். சாக்கடை கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகிறது. காட்டு விலங்கு மாதிரிகளை வனத்துறையிடம் கேட்காமல் இடம் மாற்றுவதும் சிக்கல். உங்கள் கேமராவை இப்போது எடுங்கள். ஒவ்வொரு தாளையும் லேபிளோடு சேர்த்து ஒரே படமாக, அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்து, எண் போட்டுப் பட்டியலாக்குங்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் வாசல் மாதிரி அந்தப் படம். எடின்பரோவில் இருப்பவர் அந்த வாசலில் நின்றுதான் உங்களிடம் ஒரு இலைத்துண்டு கேட்பார். கல்லூரியால் வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி ஹெர்பேரியம், திருச்சி ராபினட் ஹெர்பேரியம், கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம் மூன்றுக்கும் அந்தப் பட்டியலோடு எழுதிக் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் "மூன்று அலமாரி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டால் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லியதில்லை.

வேலையைக் கீழ்த்தட்டிலிருந்து தொடங்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் இந்தப் பக்கத்தில் எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வரும் பத்து லேபிள்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அரிய செடி என்று தோன்றினால் இடத்தை மட்டும் மறைத்துவிட்டு. பழைய கையெழுத்து புரியாவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.